ஓசியில் அடித்த பறையும் ஓசியில் பரவும் பாட்டும்

1

எங்க சின்ன ஆயா செத்த ராத்திரி, அவளுடைய அக்காவான என் ஆயா பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடிய ஒப்பாரி வைத்தாள். வயசு எழுபத்தைந்துக்கு மேல். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கூன் விழுந்த உடம்பு. குரலுக்கு மட்டும் கூன் விழவில்லை. காலனிப் பையன் ஒருத்தன் அதைச் செல்போனில் பிடித்தான். அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி ஷிப்டில் மாட்டிக்கொண்டு சாவுக்கு வரமுடியாத பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பத்தான் பிடித்தான்.

கருமாதி முடிவதற்குள் அந்தப் பாட்டு எங்கெங்கோ போய்விட்டது. வாட்ஸ்அப்பில் போனதை எவனோ யூட்யூபில் ஏற்றினான். அதை இன்னொருவன் எடுத்து, அடியில் கம்ப்யூட்டர் தாளம் சேர்த்து, ஒன்றரை நிமிஷத்துக்கு நறுக்கிப் போட்டான். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். பிறகு எங்கள் பையன் முழு ஒப்பாரியையும் தன் சேனலில் ஏற்றினான். உடனே அறிவிப்பு வந்தது: இந்த ஒலிக்கு உரிமையாளர் வேறொருவர் இருக்கிறாராம். ஆயாவின் குரலுக்கு, ஆயாவின் பேரனுக்கு முன்னால் ஒரு சொந்தக்காரன் முளைத்துவிட்டான்.

நறுக்கிய பாட்டை ஆயாவுக்குப் போட்டுக் காட்டினோம். கிழவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தோம். காது கொடுத்துக் கேட்டவள், "இன்னாடா இது, செத்தவ பேரையே காணோம்?" என்றாள். ஒப்பாரியில் அடிக்கு அடி தங்கச்சி பேரைச் சொல்லித்தான் அழுதிருந்தாள். அந்தப் பேரைத்தான் அவன் முதலில் நறுக்கியிருக்கிறான். பேர் இருந்தால் எல்லாரும் பயன்படுத்த முடியாதல்லவா? "பேரு இல்லாத ஒப்பாரி யாருக்குடா? ரோட்டுல கெடக்குற அநாதப் பொணத்துக்கா?"

பாட்டை இணையத்தில் ஓசியில் பகிர்வதால் இசைக்கு லாபமா நட்டமா என்று படித்தவர்கள் கால் நூற்றாண்டாக விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் ஆயாவின் கேள்விக்கு இடமே இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2

முதலில் அந்த விவாதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1999-ல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் வந்தது. ஒருவர் கணினியில் இருக்கும் பாட்டை இன்னொருவர் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2001-ல் அந்தச் சேவை மூடப்பட்டது. ஆனாலும் திறந்த மடை அடைபடவில்லை. உலக அளவில் ஆல்பம் விற்பனை சரிந்துகொண்டே போனது. ஸ்பாட்டிஃபை மாதிரிச் சந்தா கட்டிக் கேட்கும் முறை வளர்ந்து, ஏறக்குறைய 2015-க்குப் பிறகுதான் கம்பெனிகளின் வருமானம் மறுபடி ஏறியது.

ஒரு கட்சி, பகிர்தல் என்பது திருட்டு, அது விற்பனையைக் கொன்றது என்றது. இன்னொரு கட்சி, பகிர்தல் என்பது செலவில்லாத விளம்பரம் என்றது. 2007-ல் ஓபர்ஹோல்சர், ஸ்ட்ரம்ப் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பகிர்வதால் விற்பனைக்குக் குறிப்பிடும்படியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்று எழுதினார்கள். லீபோவிட்ஸ் போன்றவர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

நம் ஊரில் இரண்டாவது கட்சிக்குக் கிடைத்த பெரிய சாட்சி 2011-ல் வந்த 'கொலவெறி'. படம் வருவதற்கு முன்பே பாட்டு கசிந்தது. கசிந்ததைத் துரத்துவதை விட்டுவிட்டு, நவம்பர் 16 அன்று கம்பெனியே யூட்யூபில் ஓசியாக வெளியிட்டது. உலகம் முழுக்கப் போனது. பாட்டைப் பூட்டி வைப்பதைவிட அவிழ்த்துவிடுவதுதான் வியாபாரம் என்று அன்றைக்குச் சினிமாக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருக்கிறார்கள். பாட்டு என்றால் கடையில் விற்கும் சரக்கு, பாடகன் என்றால் அந்தச் சரக்கில் பங்குள்ளவன் என்பதுதான் அது. நம்ம சனங்களுக்கு எந்தக் காலத்தில் ஆல்பம் விற்றது, இப்போது விற்காமல் போவதற்கு?

3

கேசட் காலத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் இசைத்தட்டு என்பது எச்.எம்.வி. மாதிரி ஒன்றிரண்டு கம்பெனிகளின் ஏகபோகம். 1980-களில் கேசட் வந்து அதை உடைத்தது. பதிவதும் படியெடுப்பதும் சல்லிசு ஆனது. பீட்டர் மானுவல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1993-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். மகாராஷ்டிராவில் வாமன்தாதா கர்டக்கின் பீம் பாடல்கள் மேடைகளிலிருந்து கேசட்டுக்குப் போயின. நாகபுரி தீட்சா பூமியிலும், டிசம்பர் 6 அன்று மும்பை சைத்திய பூமியிலும் கேசட்டுக் கடைகள் வரிசை கட்டின. வானொலி நிலையம் உள்ளே விடாத பாட்டுக்குக் கேசட் வாசல் திறந்தது. இது உண்மை, இதை மறுக்கக் கூடாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது உத்திரமேரூரில் கேசட் பதிந்து தரும் கடைகள் இருந்தன. காலி கேசட் வாங்கிக் கொடுத்தால், சீட்டில் எழுதிய பாட்டையெல்லாம் பதிந்து தருவார்கள். சினிமாப் பாட்டுதான் அதிகம். கூடவே பாரதக் கூத்தும், பம்பை உடுக்கை வர்ணிப்பும், வடசென்னை கானாவும் கிடைக்கும். கூத்து ஜமாவில் ஆடிய என் பெரியப்பா ஒருமுறை கேசட்டில் பாடினார். ஒரே தடவை ஏதோ பணம் கொடுத்தார்களாம். சாப்பாடு போட்டார்களாம். எத்தனை விற்றது என்று அவருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. "கேசட் போட்ட ஜமான்னா நாலு ஊருல அச்சாரம் அதிகமா குடுப்பான். அது போதாதா?" என்பார்.

பகிர்வது விளம்பரம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததைப் பெரியப்பா முன்பே சொல்லியிருக்கிறார். கேசட்டில் காசு இல்லை, ராத்திரி ஆட்டத்தில்தான் காசு. கேசட் வெறும் முகவரிச் சீட்டு. இன்றைக்குக் கானா பாடுகிற தம்பிகளுக்கு யூட்யூப் செய்யும் வேலையும் இதுதான். அதில் பார்த்துவிட்டுத்தான் சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுகிறார்கள். கானா உலகநாதனை 2006-லும் கானா பாலாவை 2012-லும் சினிமா தூக்கிக்கொண்டு போன பிறகு, நமக்கும் ஒரு நாள் விடியும் என்ற நம்பிக்கையில் சந்துக்குச் சந்து சேனல் முளைத்தது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் அது வெள்ளமானது.

அதே கேசட் காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சட்டத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, பழைய சினிமாப் பாட்டுகளை வேறு குரலில் பாடவைத்து விற்றுத்தான் டி-சீரிஸ் பெரிய கம்பெனி ஆனது. 2019-ல் யூட்யூபிலேயே அதிகச் சந்தாதாரர்கள் உள்ள சேனலாக அது உயர்ந்தது. மேலே ஏறும்வரை 'பாட்டு எல்லாருக்கும் பொது'. ஏறி உட்கார்ந்த பிறகு 'பாட்டு என் சொத்து'. ஏணியை எடுத்துப்போட்டுவிட்டால் கீழே இருப்பவன் ஏறமுடியாது. இந்த வித்தை நமக்குப் புதுசா?

4

'இசை இலவசமாக இருக்க வேண்டும்' என்று சொல்லும் தோழர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள். தனிச்சொத்துக்கு எதிரான குரல் என்பதால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலவசம் என்ற சொல் சேரியில் என்ன அர்த்தத்தில் புழங்கியது என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

நம் தாத்தன்கள் ஊர்ச் சாவுக்குப் பறை அடித்தது இலவசமாகத்தான். கேட்டால் மானியம், களத்துமேட்டில் ஒரு முறம் நெல், சாவு வீட்டுச் சோறு. அதற்குப் பேர் கூலி அல்ல, கடமை. அடிக்க மாட்டேன் என்று சொன்ன ஊர்களில் என்ன நடந்தது என்பதைத் தொண்ணூறுகளின் தலித் இயக்க வரலாறு சொல்லும். கிணற்றை மூடினான், கூலி வேலைக்குக் கூப்பிடாமல் ஒதுக்கினான், குடிசையைக் கொளுத்தினான். ஆக, நமக்கு இலவசம் என்பது சாதி போட்ட உத்தரவு. மேலைநாட்டு மாணவன் தன் விடுதி அறையில் உட்கார்ந்து பாட்டை இலவசமாகக் கொடுத்தால் அது தானம். எங்க தாத்தன் தப்பட்டையை இலவசமாக அடித்தது வெட்டி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மொழி ஏமாற்றுகிறது என்று பொருள்.

ஆகவே நமக்கு இரண்டு பக்கமும் இடி. காப்புரிமை என்று பேசினால், உரிமை எல்லாம் பதிவுக் கம்பெனியிடம் இருக்கிறது. இலவசம் என்று பேசினால், பழைய வெட்டி வேலை புதுச் சட்டை போட்டு வருகிறது. உழைப்புக்குக் கூலி கேட்கும் கலைஞன் என்ன பாடு படுவான் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2017-ல் தன் பாட்டை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினார். நாடே அவரைப் பேராசைக்காரர் என்று கேலி பேசியது. சட்டத்தில் அவர் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது கோர்ட்டு விவகாரம். அவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பதும் அவர் விருப்பம். ஆனால் அதே உரிமையைக் கம்பெனிகள் தினமும் நிலைநாட்டும்போது யாரும் கேலி பேசுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

5

பகிர்தலின் அரசியலுக்கு நம் காலத்தின் பெரிய உதாரணம் 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் மாஜா நிறுவனத்தின் யூட்யூப் சேனலில் ஓசியாக வெளியிடப்பட்டது. அறிவு எழுதிப் பாடியது, தீ சேர்ந்து பாடியது, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, அங்கிருந்து துரத்தப்பட்டு, இங்கு வந்தும் துண்டு நிலம் இல்லாத மக்களின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அந்தக் கதைக்கு வேர். நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு. ஒரு ஆல்பமும் கடையில் விற்கவில்லை, படமும் இல்லை, கதாநாயகனும் இல்லை. நிலமற்றவன் பாட்டு, சினிமாவின் தயவில்லாமல் உலகம் சுற்றியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து கட்டிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையிலிருந்து வந்தவர்தான் அறிவு. அந்த மேடையின் பேர் அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழரிலிருந்து வந்தது. இதையெல்லாம் பகிர்தல் சாதித்தது. மனசார ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், மாஜாவின் இன்னொரு கலைஞரான ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவைக் காணோம். ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். கண்டனம் எழுந்த பிறகு அறிவுக்கென்று இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் மேடையேறியது. பாட்டுக்குள் தன் உழைப்பு என்ன என்று அறிவு எழுதினார். இது கூட்டு உழைப்பு, பங்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். மூன்றாவது ஆண்டு நிறைவில், 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்கள் மூன்று பேருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று அவரே அறிவித்தார். நிறுவனம் அதை மறுத்தது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்குப் படுவது வேறு. நிலம் இல்லாத சனத்தைப் பற்றிய பாட்டு, நாற்பது கோடித் தடவை கேட்கப்பட்ட பிறகும், அதைச் செய்தவர்களுக்கே சொந்த நிலமாக இல்லை. எழுதியவன் பேரும் முகமும் பயணத்தின் நடுவில் இறக்கிவிடப்பட்டன. ஆயாவின் ஒப்பாரியில் செத்தவள் பேர் நறுக்கப்பட்ட மாதிரி. விளம்பரம் கிடைத்தது, சரி. யாருக்கு?

6

எங்கள் உத்திரமேரூருக்கு ஒரு புகழ் உண்டு. குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். குடத்தில் பேர் விழ வேண்டுமானால் கால் வேலி நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயசு 35-க்கும் 70-க்கும் நடுவில் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலத்தின் சபை. சேரிக்காரன் பேர் எந்த ஓலையிலும் ஏறியிருக்காது.

இன்றைய குடத்தையும் பாருங்கள். யூட்யூபில் யார் வேண்டுமானாலும் பாட்டைப் போடலாம். ஆனால் விளம்பரக் காசில் பங்கு வேண்டுமானால் 1000 சந்தாதாரர்கள் வேண்டும், ஒரு வருஷத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்த விதி 2018-ல் வந்தது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், வருஷத்துக்கு 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கு கிடையாது. ஒலியை ஒப்பிட்டுப் பார்த்து 'இது என்னுடையது' என்று தானாகவே பிடிக்கும் இயந்திரம் யூட்யூபில் இருக்கிறது. அது நிறையச் சொந்தப் பதிவுகள் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. கால் வேலி நிலம் போய், இப்போது பாட்டுக் கிடங்கு. பாடலாம், ஆடலாம், பார்க்கலாம்; குடத்துக்குள் மட்டும் வரக்கூடாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை, வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர, வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது என்று ஆக்கினார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பஞ்சமி நிலம்தான் ஞாபகம் வந்தது. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் நம் சனங்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அன்றைக்கு உத்திரமேரூரும் அந்த ஜில்லாவில்தான். 1892-ல் நிலம் கொடுக்க ஆணை வந்தது. பிற சாதியாருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிப் போனது. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். விற்கக் கூடாது என்று சட்டம் எழுதினால் மட்டும் போதாது. பசியில் கைநாட்டு வாங்குகிறவன் முன்னால் சட்டம் வாய் மூடி நிற்கும்.

சரி, ஒப்பாரி எழுதியவர் யார் என்று கேட்பார்கள். நாட்டுப்புறப் பாட்டு பொதுச் சொத்துதானே, ஆயா எப்படி உரிமை கேட்கலாம்? நியாயமான கேள்வி. மெட்டு பொதுதான். அதை ஆயா தனக்கென்று கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் அந்த ராத்திரி, அந்தப் பிணத்துக்கு முன்னால், அந்தக் குரலில் வந்த பாட்டு அவளுடையது. சட்டமும் அதை ஒத்துக்கொள்கிறது. நிகழ்த்துகிறவருக்கு 50 வருஷ உரிமை உண்டு. அந்தப் பட்டியலில் பாம்பாட்டியின் பேர்கூட இருக்கிறது. பாடுகிறவரும் இசைக்கிறவரும் இருக்கிறார்கள். நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் கேட்கும் உரிமையை 2012 திருத்தம் தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆக, ஆயா கேட்டது பைத்தியக்காரக் கேள்வி இல்லை. சட்டம் படிக்காமலே சட்டத்தைக் கேட்டிருக்கிறாள்.

7

கடைசியாக நம்மைப் பற்றி. கம்பெனிக்காரனைத் திட்டுவது சுலபம். இயக்கக்காரர்கள் நாம் என்ன செய்தோம்? எத்தனை மேடைகளில், எத்தனை கேசட்டுகளில், 'மக்கள் பாடல்' என்று மொட்டையாகப் போட்டு ஓட்டியிருக்கிறோம்? நானும் மாணவனாக இருந்தபோது ஊர் ஊராகப் போய்க் கிழவிகளிடம் பாட்டுப் பதிந்தவன்தான். எம்.ஏ. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பாட்டு இருக்கிறது, பாடியவர் வயசு இருக்கிறது, சாதி இருக்கிறது. எனக்குப் பட்டம் கிடைத்தது. பாடியவளுக்கு ஒரு படி கூடப் போய்ச் சேரவில்லை. மக்கள் என்று சொல்லிப் பேரை அழிப்பதும், மார்க்கெட் என்று சொல்லிப் பேரை அழிப்பதும் அழிபடுகிறவளுக்கு ஒன்றுதான்.

பகிர்தலை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் நமக்குத்தான் நட்டம். பெரிய கடைகள் நமக்கு எப்போதும் திறந்ததில்லை. ஆனால் பேரோடு பகிருங்கள். பாடியவர், அடித்தவர், ஊர், யாருக்காகப் பாடியது என்று நாலு வரி எழுத ஒரு நிமிஷம் ஆகாது. பாடச் சொல்வதற்கு முன்னால், எங்கே போடப்போகிறோம் என்று சொல்லி ஒப்புதல் கேளுங்கள். மூலப்பதிவை மொத்தமாக எழுதிக்கொடுக்காதீர்கள். கையெழுத்துக் கேட்டால் படிக்கத் தெரிந்த தோழரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். சொந்தமாக எழுதி மெட்டுப் போடுகிறவர்கள் ஐ.பி.ஆர்.எஸ். மாதிரிச் சங்கத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நம் பாட்டுகளுக்கு நாமே ஒரு பொதுக் களஞ்சியம் கட்ட வேண்டும். அதில் வரும் காசு பத்து ரூபாயாக இருந்தாலும் கணக்கோடு பாடியவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் பையன் அந்த அறிவிப்புக்கு மறுப்பு எழுதினான். நான் உதவினேன். பாடியவர் பேர், செத்தவர் பேர், ஊர், தேதி எல்லாம் எழுதி, முழு ஒப்பாரியையும் திரும்ப ஏற்றியிருக்கிறோம். பார்த்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல் இல்லை. நறுக்கியது லட்சத்தில் ஓடுகிறது.

ஆயாவிடம் முந்நூறு பேர்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "முந்நூறு பேரா? அவ சாவுக்கே அவ்ளோ பேரு வரலியேடா" என்றாள். அப்புறம் தங்கச்சி பேர் வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.